பீடரில் பழுது, ஆனால் ட்ரிப் ஆனது மெயின் ஏசிபி. செட்டிங்கை ஏற்றி வைத்தால் போதுமா?

ஏற்றாதீர்கள். அந்தப் பீடர் பிரேக்கரைச் சோதித்துப் பார்க்கும் வரைக்குமாவது ஏற்றாதீர்கள். (புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ஏசிபி என்பது ஏர் சர்க்யூட் பிரேக்கர், பழுது வந்தால் தானே திறந்து, அதாவது ட்ரிப் ஆகி, கரண்டைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச். மெயின் அல்லது இன்கமர் மொத்தத்துக்கும், பீடர் அதன் கீழே ஒரு கிளைக்கு. எவ்வளவு கரண்டில், எவ்வளவு நேரத்தில் விழ வேண்டும் என்பதுதான் செட்டிங்.)

கேள்வியின் விளக்கத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். பீடர் கேபிளில் பழுது வந்தபோது பீடர் ஏசிபி சும்மா இருந்தது, மெயின் விழுந்து ஆலை மொத்தமும் இருண்டது என்பது ஒன்று. "வருஷா வருஷம் சர்வீஸ் என்று வருகிறவர்கள் துடைத்துவிட்டுப் போவதைத் தவிர என்ன செய்கிறார்கள்?" என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தத் துடைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். லோ வோல்டேஜ் பிரேக்கர் சர்வீஸ்தான் என் பிழைப்பு.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. "மெயின் ஏன் போச்சு?" என்று மேலே இருப்பவர் போட்டு உலுக்குகிறார். பீடர் ஏன் விழவில்லை என்று அவர் கேட்கவே மாட்டார். மெயினின் ட்ரிப் யூனிட்டில், அதாவது கரண்டைப் பார்த்து எப்போது விழுவது என்று முடிவு செய்யும் எலக்ட்ரானிக் பெட்டியில், சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகக்கூடிய டயல் கண்ணெதிரே இருக்கிறது. கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

இதே கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். இன்கமர் 2500 ஆம்பியர், அதன் கீழே 1250 ஆம்பியரில் வரிசையாகப் பீடர்கள். ஒரு பீடரின் கேபிள் முனையில் தண்ணீர் இறங்கி மூன்று பேஸும் சேர்ந்து வெடித்துவிட்டது. பீடரின் ஷார்ட் டைம் டிலே (ஷார்ட்டைப் பார்த்த பிறகு காத்திருக்கும் நேரம்) 0.1 விநாடி, இன்கமருக்கு 0.3. கணக்குப்படி பீடர் விழுந்திருக்க வேண்டும், இன்கமர் அசைந்திருக்கக் கூடாது. நடந்தது தலைகீழ். மறுநாள் நான் போனதும் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்: இன்கமரின் ஷார்ட் டைம் பிக்கப்பை (அது விழித்துக்கொள்ளும் கரண்ட் அளவு) ஏற்றவும், டிலேயை 0.4 ஆக்கவும், இன்ஸ்டன்டேனியஸை (காத்திருக்காமல் உடனே விழ வைக்கும் பாதுகாப்பு) ஆஃப் செய்யவும். முடிவை முன்பே எடுத்துவிட்டார்கள். திருகுவதற்கு ஒரு ஆள் மட்டும் தேவைப்பட்டிருக்கிறது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பீடர் பக்கம் போனேன். அதன் ட்ரிப் யூனிட்டில் ஷார்ட் டைம் ட்ரிப் என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது எலக்ட்ரானிக்ஸ் பழுதைப் பார்த்து, திற என்று உத்தரவும் கொடுத்தாகிவிட்டது. பிரேக்கர் முகப்பிலோ 'ஆன்' கொடி. பஸ், அதாவது எல்லாப் பிரேக்கருக்கும் கரண்ட் தரும் பொதுப் பட்டை, சப்ளை இல்லாமல் செத்திருப்பதை உறுதி செய்துகொண்டு ஆஃப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்திப் பிடித்த பிறகு, மனமில்லாமல் திறந்தது. அதன்பிறகு டெஸ்ட் பொசிஷனுக்கு (பஸ்ஸிலிருந்து விடுபட்ட நிலைக்கு) இழுத்து ஆன்-ஆஃப் செய்து பார்த்தால், நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்த பிரேக்கர் என்று சொல்லலாம், அப்படி ஒரு சுறுசுறுப்பு!

முன் கவரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. சுழன்று பிரேக்கரைத் திறக்க வைக்கும் ட்ரிப் ஷாஃப்ட்டின் பேரிங்கிலும், பிரேக்கரை மூடியபடி பிடித்திருக்கும் லாட்ச் ரோலரிலும் பழைய கிரீஸ் பழுப்பேறி, மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. வருஷக்கணக்கில் கரண்ட் சுமந்து வெதுவெதுப்பாகவே இருக்கும் பிரேக்கரில் கிரீஸிலுள்ள எண்ணெய் மெல்லப் பிரிந்து போய்விடும், கெட்டியான பாகம் மட்டும் மிஞ்சும். அசையாமலே இருக்கிற பிரேக்கரில் அந்த மிச்சம் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். "எங்கள் ஏசிபி போட்ட நாளிலிருந்து ட்ரிப்பே ஆனதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

முந்தைய சர்வீஸ் அறிக்கையையும் வாங்கிப் பார்த்தேன். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் மூன்று துருவத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. மெகர் அளவு நன்று. கடைசியில் 'திருப்திகரம்'. அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், மூடிய பிரேக்கர் சூடாகாமல் கரண்டைக் கடத்துமா என்று சொல்லும். மெகர், இன்சுலேஷன் தாங்குமா என்று சொல்லும். பழுது வந்தால் திறக்குமா என்ற கேள்வியை இரண்டும் தொடுவதே இல்லை.

"ஷட்டவுனில் ஆஃப் பட்டனை அழுத்திப் பார்த்தோமே, திறந்ததே" என்பீர்கள். உங்கள் கட்டைவிரலின் பலம் வேறு, ட்ரிப் யூனிட்டின் பலம் வேறு. எலக்ட்ரானிக் ட்ரிப் யூனிட் தட்டிவிடுவது ஒரு சின்ன ஆக்சுவேட்டரை. நிரந்தரக் காந்தம் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும், சிறு துடிப்பு வந்தால் விட்டுவிடும். அந்தக் குட்டி ஸ்பிரிங்தான் ட்ரிப் ஷாஃப்ட்டைச் சுழற்ற வேண்டும். ஷாஃப்ட்டில் இறுகிய கிரீஸ் இருந்தால் அதனால் முடியாது, உங்கள் விரலால் முடியும். இன்னொன்று, நாலு தடவை ஆன்-ஆஃப் செய்துவிட்டால் அந்த இறுக்கம் தற்காலிகமாக விட்டுவிடும். பிறகு எடுக்கும் அளவெல்லாம் அழகாகத்தான் வரும். நீண்ட நாள் உறங்கிய பிரேக்கரில் உண்மை பேசுவது முதல் ட்ரிப் மட்டும்தான். பெரும்பாலான சர்வீஸ்களில் அதை அளக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதை வாயால் சொன்னால் அங்கே யாரும் நம்பவில்லை. "ஒரு பிரேக்கர் மக்கர் பண்ணியது என்பதற்காக..." என்று இழுத்தார் ஒருவர். பஸ் செத்துக் கிடந்தது நல்லதாகப் போயிற்று. பக்கத்துப் பீடரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆன் நிலையிலேயே அதன் டெஸ்ட் சாக்கெட்டில், பழுது வந்தது மாதிரி சின்ன சிக்னலை ட்ரிப் யூனிட்டுக்குக் கொடுக்கும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் கிட்டை மாட்டினேன். உத்தரவு போனது, விளக்கு எரிந்தது, பிரேக்கர் திறக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையிலிருந்த தாளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இன்கமரின் செட்டிங் இருந்தபடியே இருந்தது. அந்தச் சம்பவத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பிரேக்கர் அதுதான். அதன் டிலேயை அன்று ஏற்றியிருந்தால், அடுத்த பழுதில் கேபிள் அறை இன்னும் அதிக நேரம் எரிந்திருக்கும்.

டிலே என்பது இலவசம் இல்லை. 0.1 விநாடியை 0.4 ஆக்கினால், அதே கரண்டில் ஆர்க் (காற்றின் வழியே பாயும் மின்தீ) வெளியிடும் ஆற்றல் ஏறக்குறைய நாலு மடங்கு. அந்த நேரத்தில் பேனல் முன்னால் நிற்பது உங்கள் ஆளாகவும் இருக்கலாம். அந்த நேரம் முழுக்க எவ்வளவு கரண்ட் பாயும் என்பதற்கு ஒரு உதாரணம்: 1000 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர், 415 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் (அதன் உள்தடை) என்றால் முழு லோடு சுமார் 1390 ஆம்பியர். அதன் டெர்மினலில் ஷார்ட் ஆனால் சுமார் 28 கிலோ ஆம்பியர் பாயும்.

உடனே ஒரு அறிவாளி வந்து, "எல்லா மெயின் ட்ரிப்பும் கிரீஸால்தானா?" என்று கேட்பார். இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. மெயினின் இன்ஸ்டன்டேனியஸ் தாழ்வாக இருந்தால், பெரிய ஷார்ட்டில் டிலேக்கே வேலையில்லாமல் மெயினும் பீடரும் ஒன்றாக விழும். அங்கே இன்ஸ்டன்டேனியஸை ஏற்றுவதோ ஆஃப் செய்வதோ நியாயம்தான். ஆனால் பிரேக்கரின் ஷார்ட் டைம் தாங்குதிறனும் பேனல் பஸ்பாரின் தாங்குதிறனும் அந்த ஷார்ட் கரண்டுக்குப் போதுமா என்று பார்த்த பிறகு. பீடரில் கிரவுண்ட் ஃபால்ட் (கரண்ட் எர்த்துக்குப் போகும் பழுது) பாதுகாப்பே இல்லாமல் மெயினில் மட்டும் இருந்தாலும், எர்த் பழுதுக்கு மெயின் ஓடி வந்து விழும். நியூட்ரல் கரண்டை அளக்கும் கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை, அதாவது நியூட்ரல் சிடி-யைத் தலைகீழாக மாட்டியிருந்தால் பழுதே இல்லாமல், லோடு சமனில்லாததற்கே விழும். ஆகவே முதலில் மெயினின் ட்ரிப் யூனிட்டில் எந்த விளக்கு எரிந்தது என்று பாருங்கள். ரீசெட் செய்துவிட்டீர்கள் என்றால், அந்தத் தடயம் போயிற்று. பதிவு வைத்திருக்கும் யூனிட்டாக இருந்தால் பிழைத்தீர்கள்.

சரி, துடைப்பதைத் தவிர என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். பிரேக்கரை முழுக்க வெளியே இழுத்து, ஸ்பிரிங் விடுபட்டதா, கான்டாக்ட் திறந்ததா என்று இரண்டு கொடியையும் பார்க்கிறோம். சார்ஜ் ஆன ஸ்பிரிங்கோடு உள்ளே கை விட்டால் விரல் மிஞ்சாது. ஆர்க்கை அணைக்கும் கூடான 'ஆர்க் சூட்'டைக் கழற்றி விரிசலும் உலோகத் தெறிப்பும் பார்க்கிறோம். ஆர்க்கிங் கான்டாக்ட் மெயின் கான்டாக்டுக்கு முன்னால் தொட்டு, பின்னால் விட வேண்டும். அந்த இடைவெளியை ஃபீலர் கேஜில் அளக்கிறோம். ஆர்க்கிங் கான்டாக்ட் தேய்ந்து போனால், ஆர்க் மெயின் கான்டாக்டின் வெள்ளியைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெள்ளி கறுத்திருப்பதைப் பார்த்ததும் எமரி தாளை எடுக்கிறவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு அவ்வளவு தொந்தரவு இல்லை. கான்டாக்ட் உரசி மூடும்போதே வழிவிடும். எமரி போட்டால் வெள்ளிதான் போகும். அட்ஜஸ்ட்மென்ட் நட்டுகளைப் பொறுத்தவரை, அந்த மாடலின் கையேடு கையில் இல்லாமல் ஒரு திருகுகூடத் திருகாதீர்கள். புதிய வகைகள் பலவற்றில் அட்ஜஸ்ட் செய்யவே இடமில்லை, தேய்ந்தால் மாற்றுவதுதான்.

பழைய கிரீஸைக் கரைப்பானால் முழுக்க எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்ன கிரீஸை மட்டும் மெல்லியதாகப் போட வேண்டும். மேலேயே புது கிரீஸ் அப்புவதும், துரு விடுவிக்கும் ஸ்பிரேயை அடிப்பதும் ஒரே பாவம். ஸ்பிரே அடித்த அன்று பிரேக்கர் துள்ளும். கொஞ்ச நாளில் மிச்ச கிரீஸையும் கழுவிவிட்டு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியில், பிரேக்கர் வழியே நிஜமாகவே பெரிய கரண்டைச் செலுத்திப் பார்க்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷன். செகண்டரி கிட் ட்ரிப் யூனிட்டைத்தான் சோதிக்கும், சிடி-யையும் அதன் வயரையும் அது பார்ப்பதில்லை. சிடி கனெக்டரை மாட்ட மறந்த பிரேக்கர், செகண்டரி சோதனையில் ஜம்மென்று பாஸாகும். பழுதில் ஆடாது அசையாது. லாங் டைம் (ஓவர்லோடு) செட்டிங் 1000 ஆம்பியர், டிலே ஆறு மடங்கில் 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கான 3000 ஆம்பியர் செலுத்தினால், ஐ ஸ்கொயர் டி கணக்கில் (கரண்டின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் ஒரே எண்) 48 விநாடி வர வேண்டும். அதற்கு மேலே கீழே எவ்வளவு போகலாம் என்பது, எந்தக் கரண்டுக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் அந்த யூனிட்டின் கர்வில் இருக்கிறது. ஒரு துருவத்தில் மட்டும் கரண்ட் செலுத்துவதால் யூனிட் அதை கிரவுண்ட் ஃபால்ட் என்று நினைக்கும். அதற்காக கிரவுண்ட் ஃபால்ட்டை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் டயல்களைப் போட்டோ எடுத்து வாங்கி வையுங்கள்.

இவ்வளவையும் எப்போது செய்யச் சொல்கிறார்கள் தெரியுமா? ஊரே விடுமுறையில் இருக்கும் நாளில். ஆலை ஓடும் நாளில் ஷட்டவுன் கிடைக்காது, அது புரிகிறது. ஆனால் காலையில் வாசலில் நிற்க வைத்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி நேரத்தைத் தின்றுவிட்டு, "சாயங்காலம் சப்ளை வந்தாக வேண்டும்" என்பார்கள். வீட்டு விசேஷங்களில் எடுத்த குடும்பப் படங்களில் நான் இருப்பதே அபூர்வம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். கொட்ட ஓர் இடம் கிடைத்தது, கொட்டிவிட்டேன்.

வேலை பிடிப்பதற்காக எழுதுகிறான் என்று சொல்கிறவர்களுக்கு: நான் எந்தக் கம்பெனி பெயரையும் போடவில்லை, என்னைக் கூப்பிடவும் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

ஆனால் அடுத்த ஷட்டவுனில், யாரும் அந்தப் பீடரின் ஆஃப் பட்டனைத் தொடும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். கீழே லோடுகளை இறக்கிவிட்டு, பீடரை ஆன் நிலையிலேயே விட்டு, இன்கமரைத் திறந்து பூட்டி, பஸ் செத்ததையும் கீழிருந்து ஜெனரேட்டர் எதுவும் பின்வழியாக ஊட்டவில்லை என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். பீடரில் அண்டர் வோல்டேஜ் காயில் இருந்தால், பஸ் போனதும் அதுவே ட்ரிப் செய்துவிடும், எனவே அதற்கு முன்கூட்டியே வெளியிலிருந்து சப்ளை கொடுத்து வைக்க வேண்டும். பிறகு இடத்திலேயே செகண்டரி இன்ஜெக்‌ஷன், ஒரே ஒரு தடவை. திறந்ததா, எத்தனை மில்லி விநாடியில் திறந்தது என்று எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் துடைக்கச் சொல்லுங்கள். பழுது நடந்த பிறகு அந்தப் பீடரை ஏற்கெனவே ஆன்-ஆஃப் செய்துவிட்டீர்கள் என்றால், அதே வயதுள்ள பக்கத்துப் பீடரில் செய்யுங்கள்.