படுத்தவுடன் தூங்குபவருக்கு மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 33. தண்டையார்பேட்டையில் கணவர், மாமியார், 6 வயது மகளுடன் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக நியூயார்க் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை, மாலை 6.30 முதல் இரவு 2.30 வரை. டீ, பிஸ்கட் சாப்பிட்டு 3 மணிக்குப் படுத்து, 6 மணிக்கு எழுந்து சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்புவேன். 10 மணிக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவேன், ஆனால் 12 மணிக்குள் யாராவது எழுப்பிவிடுவார்கள். 7 கிலோ எடை கூடிவிட்டது. நெஞ்செரிச்சல் இருக்கிறது. மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் பார்த்ததில் சுகர் 112. தூக்க மாத்திரை அல்லது மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் எடுக்கலாமா? இரவு வேலையால் புற்றுநோய் வருமா?

பதில்: முதலில் அந்த 112. வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. நீங்கள் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அதனால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரவு வேலை செய்பவர்களுக்கு எச்பிஏ1சி பரிசோதனை வசதியானது. பட்டினி தேவையில்லை, ரத்தத்தில் சர்க்கரையின் சுமார் மூன்று மாத சராசரியைக் காட்டும். 5.7க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி அளவே தப்பாகக் காட்டலாம். மாதவிலக்கு தள்ளிப்போவதால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எல்லாப் பழியையும் இரவு வேலையின் மேல் போட்டுவிட வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். உங்களைத் தூங்க விட ஆள்தான் வேண்டும். 3 மணி நேரம், அப்புறம் 2 மணி நேரம் என்று துண்டு போட்ட தூக்கம் ஒரு முழு தூக்கத்துக்கு ஈடாகாது. தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பின் மேல் ஆசை கூடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. நீங்கள் சொல்லும் 7 கிலோவுக்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

இதை உங்கள் கணவரும் மாமியாரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. 8 மணி நேரம் உழைத்துவிட்டு 3 மணிக்குப் படுத்தவரை 6 மணிக்கு அடுப்படிக்கு அழைப்பது, பகல் வேலைக்காரரை நள்ளிரவு 1 மணிக்கு எழுப்புவது போலத்தான். மாவும் சட்னியும் முதல் நாள் மாலையே தயாராக இருக்கட்டும். தோசை ஊற்றி மகளைப் பள்ளிக்கு அனுப்புவது அப்பாவின் வேலையாகட்டும். தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிப்பதும், கூரியர்காரருக்குக் கதவு திறப்பதும் வேறு யாராவது செய்யட்டும். நீங்கள் 3 முதல் 10 வரை ஒரே மூச்சில் தூங்குங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான கருப்புத் துணி போடுங்கள். ஃபேன் சத்தம் தெரு இரைச்சலைக் கொஞ்சம் மறைக்கும்.

எழுந்ததும் மொட்டை மாடியில் 20 நிமிடம் நடங்கள். உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்வதில் கண்ணில் படும் வெளிச்சத்துக்குத்தான் முதல் இடம். விடுமுறையிலும் இந்த நேரங்களை ரொம்ப மாற்றாதீர்கள். ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவது நீங்கள் என்றால், அதையும் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டை 9 மணிக்குள் முடியுங்கள். நள்ளிரவுக்குப் பின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறும். சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சலும் வரும். 12 மணிக்குப் பசித்தால் மோரும் கொஞ்சம் சுண்டலும் போதும். குடித்த டீயில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால் கடைசி டீ 9 மணிக்கு; அந்த 2.30 மணி டீயை இன்றே நிறுத்துங்கள்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ல் இரவு நேரப் பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. 2019ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஆட்டிறைச்சியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலில் இருந்தாலே நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் வருடக்கணக்கில் இப்படியே ஓட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் மேலாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அங்கே காலை 9 மணி என்றால் இப்போது நமக்கு மாலை 6.30. பகல் 2 முதல் இரவு 10.30 வரை நீங்கள் வேலை செய்தால் அவர்களுடைய முற்பகல் 4 மணி நேரம் உங்களோடு சேர்ந்துவிடும். மீட்டிங்குகளை அதற்குள் முடித்துவிட்டு, மற்ற வேலையை அதற்கு முன்பே செய்யலாம். 11.30க்கெல்லாம் படுத்துவிடலாம், 6.30க்கு எழுந்து மகளுக்கு நீங்களே தலை பின்னிவிடலாம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். உங்கள் வேலை முடிய 3.30 ஆகிவிடும். அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.