ரயில் நிலையத்தில் ஓவியம் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருங்காட்சியகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசியில், உலகின் நல்ல ஓவியங்கள் சில மெட்ரோ நிலையங்களில் இருக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலையம் என்பது கடந்து போகிற இடம். வண்டியைப் பிடிக்க ஓடுகிறவரும் சரி, கைப்பேசியில் தலையைக் கவிழ்த்திருப்பவரும் சரி, சுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாஸ்கோவில் இருப்பது அரசின் ஜம்பம். மற்ற ஊர்களில் இருப்பது சுற்றுலா விளம்பரம். அந்தப் பணத்தில் லிஃப்ட் போடலாம், கழிப்பறை கட்டலாம். ரசிகன் தேடிப் போகாத ஒன்றைக் கலை என்பதா, அலங்காரம் என்பதா? அடுத்த மாதம் மகளைப் பார்க்க ஸ்டாக்ஹோம் போகிறேன். அங்கே பார்த்தே தீர வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சண்டைக்கு வசதியாக முதலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். நிலையத்தை முழுக்கக் கட்டி முடித்துவிட்டு, எங்கே வெற்றுச் சுவர் இருக்கிறது என்று தேடி, திறப்பு விழாவுக்கு முன்னால் அவசர அவசரமாக ஒரு படத்தை மாட்டுவார்கள். அது பெரும்பாலும் தண்டச் செலவுதான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது அந்த வகைக்கு அப்படியே பொருந்தும்.

நான் அந்த வரியை எழுதும்போது மனதில் இருந்தது வேறு வகை. பாரிஸ் மெட்ரோ 1900இல் திறந்தபோது மின்விளக்குகள் மங்கலானவை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சுவர் திருப்பித் தரட்டும் என்று, விளிம்பு சரிந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதித்தார்கள். இன்று பாரிஸ் மெட்ரோ என்றதும் கண்ணில் வருகிற முகமே அதுதான். 1969இல் மெக்சிகோ நகரத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் இறங்குமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் நிலையத்துக்கு ஒரு சின்னம் என்று ஏற்பாடு செய்தார். சாபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. பினோ சுவாரெஸ் நிலையத்துக்கு ஒரு பழைய கோயில். அந்தக் கோயில் கற்பனை இல்லை. சுரங்கம் தோண்டும்போது காற்றுத் தெய்வத்துக்கு அஸ்தெக் மக்கள் கட்டிய வட்டமான பலிபீடம் கிடைத்தது. அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பாமல் நிலையத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். வண்டி மாறுகிறவர்கள் இன்றும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

இதையெல்லாம் அலங்காரம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய், அந்தத் தீர்வே பார்க்க அழகாகவும் அமைந்துவிட்டது. நல்ல நிலையக் கலைக்கு என் அளவுகோல் இது ஒன்றுதான்: பாறையைத் துளைக்கிற கருவி உள்ளே வந்த காலத்திலேயே ஓவியரும் உள்ளே வந்தாரா?

ஸ்டாக்ஹோமில் வந்தார்கள். சிரி டெர்கெர்ட், வேரா நில்சன் என்ற இரண்டு பெண் ஓவியர்கள் 1950களிலேயே இதற்காக வாதாடினார்கள். இன்று நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கும் மேல் ஏதாவது ஒரு கலைப்படைப்பு இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையை விட எனக்கு முக்கியம், 1970களில் நீல வழித்தடத்தில் செய்தது. அங்கே பாறையைக் குடைந்த குகையை மூடி மறைத்துச் சமதளச் சுவர் எழுப்பவில்லை. மேடு பள்ளத்தோடு இருந்த பாறை மேலேயே கான்கிரீட்டைப் பீய்ச்சி, அதன் மேல் வண்ணம் தீட்டினார்கள். பூமிக்கடியில் இருக்கிறோம் என்பதை ஒளிக்கவே இல்லை.

டீ-சென்ட்ராலன் நிலையம் மூன்று வழித்தடங்களும் சந்திக்கிற இடம். எப்போதும் நெரிசல். 1975இல் அதன் நீல வழித்தட நடைமேடைக்கு வண்ணம் தீட்டிய பெர் ஊலோஃப் உல்ட்வெட், அவசரத்தில் வருகிறவர் மனம் கொஞ்சம் அடங்கட்டும் என்று வெள்ளையும் நீலமும் மட்டும் எடுத்துக்கொண்டார். கொடிகளும் பெரிய இலைகளும் தூணில் ஏறி, கூரையில் படர்ந்து, அந்தப் பக்கம் இறங்குகின்றன. அப்புறம் ஒரு பகுதியில் அண்ணாந்து பார்த்தால் கொடிகள் இருக்காது. மனித நிழல்கள் இருக்கும். பற்றவைக்கிறவர், தச்சர், சாரத்தில் நிற்கிறவர். நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் உருவங்களை, அவர்கள் வேலை செய்த கூரையிலேயே நீல நிழலாகத் தீட்டிவைத்தார் உல்ட்வெட். முகம் கிடையாது, பெயர் கிடையாது, குனிந்த முதுகும் கருவி பிடித்த கையும் மட்டும்தான். திறப்பு விழாக் கல்வெட்டுகளில் இவர்களுக்கு எங்கே இடம் கிடைக்கிறது?

அரசின் ஜம்பம் என்கிறீர்கள். மாஸ்கோவில் பாதி உண்மை. கொம்சொமோல்ஸ்கயா நிலையத்தின் கூரையில், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் படத்தில் இருந்த ஸ்டாலினின் உருவம், காலம் மாறியதும் எடுக்கப்பட்டது. ஆட்சிக்கேற்பத் திருத்த வேண்டிய படம் என்றால் அது யாருக்காக வரைந்தது என்று தெரிந்துவிடுகிறது. 1938இல் திறந்த மாயகோவ்ஸ்கயா நிலையத்தின் கூரையில் ஓவியர் தெய்னெகா செய்த மொசைக்குகள், ஒரு முழு நாளின் சோவியத் வானத்தைக் காட்டுகின்றன. விமானங்கள், பாராசூட் வீரர்கள், ஒளி. அற்புதமான வேலை. மேலே தரையில் ஸ்டாலினின் காவல்துறை ஆட்களை நள்ளிரவில் பிடித்துக்கொண்டு போன ஆண்டுகள் அவை. அந்த வானத்தில் அதற்கு ஒரு தடயமும் கிடையாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அந்த மொசைக்குகளைப் பிடிக்கும், அந்தப் பிடித்தம் கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

ஆனால் அரசு பணம் கொடுத்தாலே அரசின் குரல்தான் வரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமிலேயே சோல்னா சென்ட்ரும் நிலையத்தில், பச்சைக் காட்டின் மேல் ரத்தச் சிவப்பில் வானம். வந்தவர்கள் எல்லாரும் படமெடுத்துக்கொள்கிற இடம். அருகில் போய்ப் பார்த்தால் அது காடு அழிவதையும் கிராமங்கள் காலியாவதையும் பற்றிய புகார். அரசின் செலவில், அரசின் சுவரில், அரசின் மீதே புகார்!

மாண்ட்ரியாலில் நடந்தது இன்னொரு மாதிரி. அங்கே கலைக்குப் பொறுப்பாக இருந்தவர், நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் படங்கள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மார்செல் ஃபெரான் என்ற பெண் கலைஞர் 1968இல் ஷாம்-தெ-மார்ஸ் நிலையத்துக்குச் செய்த வண்ணக் கண்ணாடிச் சுவரில் ஒரு கதையும் கிடையாது. வெயில் அடித்தால் உள்ளே நிற்பவர் மேல் நிறங்கள் விழும், அவ்வளவுதான். அந்த ஊர் மெட்ரோவில் இன்றும் பெயர் சொல்லும் படைப்பு அது.

ரசிகன் தேடிப் போகாத கலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில், வண்டி மாறும் பாதையில் ஜப்பானியக் கலைஞர் தாரோ ஒகமோட்டோவின் ஓவியம் இருக்கிறது. முப்பது மீட்டர் நீளம். அணுகுண்டு வெடிக்கிற கணம். நடுவில் தீயில் எரிகிற எலும்புக்கூடு. 1960களின் கடைசியில் மெக்சிகோவில் ஒரு ஹோட்டலுக்காக வரைந்தது. ஹோட்டல் நிறைவேறவில்லை, ஓவியமும் காணாமல் போய் 2003இல்தான் அகப்பட்டது. 2008இல் ஷிபுயாவுக்கு வந்தது. தினமும் அதன் கீழே நடந்து வேலைக்குப் போகிறவர் அண்ணாந்து பார்க்காமலே போகலாம். ஆனால் பல வருடங்களில் என்றாவது ஒரு நாள் வண்டி தாமதமாகும், கைப்பேசியில் சார்ஜ் தீரும். அந்த ஒரு நாளுக்காக மீதி நாளெல்லாம் அது அங்கே காத்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. மாலையானால் பூட்டிவிடும்.

பார்க்காமலே பழகுவதற்கும் சாட்சி உண்டு. மாஸ்கோவின் புரட்சிச் சதுக்க நிலையத்தில் 76 வெண்கலச் சிலைகள். எல்லைக் காவலரோடு இருக்கிற நாயின் மூக்கு மட்டும் தங்கம்போல் மின்னும். தேர்வுக்குப் போகிற மாணவர்களும் மற்றவர்களும் ராசிக்காகத் தொட்டுத் தொட்டு அப்படி ஆகிவிட்டது. சிலை செய்த மனீசர் இதை எதிர்பார்த்திருக்கவே மாட்டார். சித்தாந்தம் சொல்ல வைத்த சிலையை மக்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

லிஃப்ட் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நியூயார்க்கில் அருமையான மொசைக்குகள் உள்ள பல நிலையங்களில் சக்கர நாற்காலி இறங்க வழியில்லை. அங்கே எனக்கும் கோபம் வரும். ஆனால் வடிவமைப்பு என்றால் சுவர்ப்படம் மட்டும் என்று வைத்துக்கொண்டு இதைப் பேசக் கூடாது. நடைமேடை ஓரத்தில் காலில் தட்டுப்படும் மஞ்சள் பட்டை தெரியும் அல்லவா? நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும். பார்வை மங்கிவந்த நண்பர் ஒருவருக்காக ஜப்பானில் மியாகே செய்இச்சி 1965இல் யோசித்தது. 1967இல் ஒகயாமாவில் ஒரு தெருவில் முதலில் பதித்தார்கள், பிறகு உலகத்து நிலையங்களுக்கெல்லாம் போனது. இத்தனை பேரின் கால் படித்த வடிவமைப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

சரி, உங்கள் பயணம். டீ-சென்ட்ராலனில் நீல வழித்தட நடைமேடைக்கு இறங்குங்கள். அங்கிருந்து ஒரே நிறுத்தத்தில் குங்ஸ்த்ரேத்கோர்தன். நகரத்தில் இடித்த பழைய கட்டடங்களின் சிற்பத் துண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அதே 11ஆம் எண் வண்டியில் எதிர்த்திசையில் போனால் சோல்னா சென்ட்ரும். திரும்பி வந்து, சிவப்பு வழித்தடத்தில் ஓஸ்தர்மால்ம்ஸ்டோரியில் இறங்குங்கள். அணுப்போர் வந்தால் மக்கள் ஒதுங்குகிற புகலிடமாகவும் கட்டிய நிலையம் அது. கான்கிரீட்டில் மணலைப் பீய்ச்சி 1965இல் டெர்கெர்ட் பொறித்த கோடுகளுக்கு நடுவே, அமைதி என்ற சொல் பல மொழிகளில் இருக்கும். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. காலியான நேரம் பார்த்துப் போகாதீர்கள். இணையத்தில் வருகிற படங்களெல்லாம் ஆளில்லாத நிலையத்தின் படங்கள், நம் சண்டைக்கு அவை உதவாது. காலை எட்டு மணிக்குப் போய், கூட்டம் இடிக்க இடிக்க நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.