20 மாதமாகியும் கிடேரி (இன்னும் கன்று ஈனாத இளம்பசு) பருவத்துக்கு வரவில்லை என்றவருக்கு

ஹார்மோன் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதிய அளவை வைத்துப் பாருங்கள்: மார்புச் சுற்றளவு 50 அங்குலம், தோள் முனையிலிருந்து பின்னெலும்பு (வாலடி எலும்பு) வரை நீளம் 42. 50×50×42, அதை 660ஆல் வகுத்தால் எடை 159 கிலோதான் வருகிறது. ஜெர்சி கலப்புக்கு 220 கிலோவாவது வேண்டாமா? கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பார்த்துத்தான்.

கன்றாக இருந்தபோது பாலை முழுசாகக் கறந்துவிட்டு வைக்கோலைப் போட்டதாக நீங்களே சொல்கிறீர்கள், கோளாறு அங்கேதான் தொடங்கியிருக்கும். அமெரிக்காவில் கறிக்காக வளர்க்கும் கிடேரிகளுக்கு 4 முதல் 7 மாதம் வரை தானியத் தீவனம் தாராளமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பல கிடேரிகள் ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிட்டன. காளைக்கன்றுக்கும் முதல் ஆறு மாதத் தீனி முக்கியம்; அப்போது காயப்போட்டால் விரைகளின் (விதைகளின்) வளர்ச்சி பிந்தும்.

சரி, இப்போது குடற்புழு மருந்து கொடுங்கள், பசுந்தீவனத்தோடு தினம் 2 கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை), தாது உப்பு. அடர்தீவனத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வயிறு உப்பிவிடும். மாதம் ஒருமுறை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். 230 கிலோ தாண்டியும் வரவில்லை என்றால் அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டுக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.