வீடு ஏலத்துக்கு வருமுன் வாசலுக்கு வருகிறவர்கள்: கேள்வி பதில்

வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக் கடன் தவணை தவறியவர்களைத் தேடி வரும் ‘உதவியாளர்கள்’ பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கோவை: நான்கு மாதத் தவணை பாக்கி. வீட்டை எடுக்குமுன் பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பும் 13(2) நோட்டீஸ் வந்துவிட்டது. ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கொடுத்தால் ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா சார்?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. இந்த மாதிரி விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்தது. நோட்டீஸைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அடமான வீட்டை வழக்குப் போடாமலே வங்கி எடுத்து விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, நோட்டீஸ் தேதியிலிருந்து உங்களுக்கு 60 நாள் இருக்கிறது. கணக்கில் தப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள். ஏற்க முடியாது என்றால் வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். போனில் பேசியவர் இந்த 60 நாளைத்தான் தின்னப் பார்க்கிறார்.

சேலம்: ‘பாக்கியில் 30 சதவீதத்துக்கு செட்டில்மென்ட் முடித்துத் தருகிறோம், அதுவரை தவணை கட்டாதே, வங்கி போனை எடுக்காதே’ என்கிறார் ஒரு ஏஜென்ட்.

வங்கி போனை எடுக்காதே என்று எவர் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 90 நாள் பாக்கி விழுந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ எழுத்தில் கேளுங்கள். செட்டில்மென்ட் உண்மையிலேயே கிடைத்தாலும் அது வங்கியின் கடிதமாக வரும். ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் வராது.

திருப்பூர்: தெரிந்த புரோக்கர் ஒருவர், ‘வீட்டை என் பேருக்குக் கிரயம் செய்து கொடுங்கள், வங்கி பாக்கியை நான் அடைக்கிறேன். நீங்கள் வாடகைக்கு அங்கேயே இருங்கள், இரண்டு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார். நல்ல மனிதர்தான்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ‘நல்ல மனிதர்’ என்று சொல்லித்தான் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் புரோக்கர் பவர் பத்திரம் எழுதி வாங்கினார், மூன்று மாதம் மட்டும் தவணை கட்டினார், அந்தப் பவரைக் காட்டி வேறு இருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டுக் காணாமல் போனார். கடன் இவர்கள் பெயரிலேயே நின்றது. ஏல நோட்டீஸும் இவர்களுக்குத்தான் வந்தது.

13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கக் கூடாது என்று அதே சர்ஃபேசி சட்டத்தின் 13(13) பிரிவு சொல்கிறது. பவர் பத்திரம் கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ‘திரும்ப வாங்கிக்கொள்ளலாம்’ என்பது வாய்ப்பேச்சாகவே இருந்தால், நாளை அதை எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பீர்கள்?

விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்கலாம், தப்பில்லை. வாங்குகிறவரை நேரே கிளைக்குக் கூட்டிப் போங்கள். பாக்கி எவ்வளவு என்று கடிதம் வாங்குங்கள். அந்தத் தொகை உங்கள் கடன் கணக்குக்கே போகட்டும், மீதிதான் உங்கள் கைக்கு. ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் இதை முடித்துவிடுங்கள். அது வெளியான பிறகு முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையை 2016-இல் வந்த சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது.

மதுரை: வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். இரண்டு லட்சம் கொடுத்தால் ‘ஸ்டே’ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என் கணவர் இல்லை, நான்தான் பார்க்க வேண்டும்.

அம்மா, இந்த அறிவிப்பு நாளிதழிலும் வரும். அதைப் பார்த்தும் இவர்கள் வருவார்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுப் போடலாம், மதுரையிலேயே ஒன்று இருக்கிறது. ஸ்டே கொடுப்பதும் மறுப்பதும் தீர்ப்பாயத்தின் கையில். முன்கூட்டியே உறுதி சொல்கிறவர் பொய் சொல்கிறார். வக்கீல் வைத்தால் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். நாளைக்கே.

ஈரோடு: வசூல் ஏஜென்ட் தன் ஜிபே எண்ணுக்குப் பணம் போடச் சொல்கிறார்.

கூடாது. கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். அவருடைய அடையாள அட்டையையும் வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர் போன் செய்யக் கூடாது. ஏற்கெனவே பணம் போட்டுவிட்டீர்களா? உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்: வீடு ஏலம் போய்விட்டது. பாக்கி போக வங்கியில் எங்களுக்குப் பணம் மிச்சம் இருக்கிறதாம். 20 சதவீதக் கமிஷனுக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

மிச்சம் இருந்தால் அது சட்டப்படி உரியவருக்குத்தான் சேர வேண்டும். ஏலத் தொகை, கழித்த செலவு, வட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு கேட்டு வங்கிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கமிஷன்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.