நடுவழியில் நிற்கும் கண்டெய்னர்

கேள்வி: ஐரோப்பாவுக்கு நாங்கள் அனுப்பிய முந்திரிப் பருப்பு, வழியிலுள்ள துறைமுகத்தில் மூன்று வாரமாக நிற்கிறது. என்ன காரணம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தூத்துக்குடியில் ஏற்றப்படும் கண்டெய்னர்களில் பல, சிறிய கப்பலில் கொழும்புக்குச் சென்று, அங்கே தாய்க்கப்பலுக்கு (நெடுந்தூரம் செல்லும் பெரிய கண்டெய்னர் கப்பலுக்கு) மாற்றப்படுகின்றன. 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின; இதனால் பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் நீண்டது. ஆனால் தாமதம் அத்தோடு முடிவதில்லை. சென்ற கப்பல் குறித்த நாளில் திரும்பாததால் அட்டவணை குலைந்து, தனித்தனியே வரவேண்டிய கப்பல்கள் ஒரே வாரத்தில் வந்து சேர, துறைமுக முற்றம் நிரம்பி, இணைப்பைத் தவறவிட்ட கண்டெய்னர் அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கிறது.

வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தின்படி (குறித்த காலத்துக்குள் ஏற்றுமதி ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) அனுப்புவோர், அடுத்த சரக்குக்கு அதன் காலக்கெடுவை முன்கூட்டியே நீட்டித்துக் கேட்பது நல்லது. பணம் வரத் தாமதமானால், ஆலையில் பருப்பு உடைக்கும் பெண்களின் கூலி நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. நம் குமரி மாவட்டத்துக்கு அருகே, கேரளத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. தாய்க்கப்பல்கள் அங்கே நேரடியாக வருவதால், உங்கள் முகவரிடம் அவ்வழியையும் விசாரியுங்கள்.