பழைய திரைப்படங்களை அகலத்திரைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தோன்றுவது ஏன்?

இது தொலைக்காட்சியின் கோளாறு அன்று. படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் வேறுபடுவதன் விளைவு. 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான திரைப்படங்கள், 1932-இல் ஹாலிவுட்டில் தரப்படுத்தப்பட்ட 1.37:1 என்ற விகிதத்தில், அதாவது உயரத்தைவிட அகலம் சற்றே கூடிய சட்டகத்தில் எடுக்கப்பட்டன. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் 4:3 விகிதம் இதற்கு மிக நெருக்கமானது என்பதால், அப்படங்கள் அவற்றில் ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தின. இன்றைய திரைகளோ 16:9 விகிதத்தில் அமைந்தவை; 4:3 படம் அவற்றின் உயரத்தை நிரப்பும்போது அகலத்தில் முக்கால் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்வதால், எஞ்சிய கால் பங்கு இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் கறுப்பாக நிற்கிறது.

1953-இல் அறிமுகமான சினிமாஸ்கோப் முறையில் எடுத்த படங்களில் நிலைமை நேர்மாறானது. அவை 16:9-ஐவிட அகலமானவை என்பதால் பட்டைகள் மேலும் கீழும் வருகின்றன.

தொலைவியக்கியில் உள்ள வசதியைக் கொண்டு படத்தை இழுத்து நிரப்பலாம்தான். ஆனால் 4:3 படத்தை அப்படி இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். பெரிதாக்கினால் உருவம் சிதையாது, எனினும் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டு, நெருக்கக் காட்சிகளில் நெற்றியும் முகவாயும் மறையக்கூடும். ஒளிப்பதிவாளர் சட்டகத்தின் ஒவ்வொரு ஓரத்தையும் எண்ணிப்பார்த்தே காட்சியை அமைத்திருப்பார். ஆகவே பட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, பட வடிவ அமைப்பை ‘அசல்’ நிலையில் வைத்துப் பார்ப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.