ஸ்டாக், ஸ்டம்ப், ஸ்பிட்: குழப்பம் தீர ஒரு வழி

கடலோர நிலவடிவங்களைக் குறிக்கும் இருபது ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் எழுதி மனப்பாடம் செய்தும் ஸ்டாக், ஸ்டம்ப், ஸ்பிட் மூன்றும் குழம்புகின்றன என்கிறீர்கள். அகர வரிசைதான் வில்லன். கடல் எந்த வரிசையில் செதுக்குகிறதோ அதே வரிசையில் படியுங்கள்.

கடலுக்குள் நீண்ட பாறைமுனை ஹெட்லேண்ட். அதன் விரிசலை அலை குடைந்தால் கேவ். குடைவு மறுபக்கம் வரை துளைத்துவிட்டால் ஆர்ச். வளைவின் கூரை இடிந்து, தனித்து நிற்கும் தூண் ஸ்டாக். அதுவும் தேய்ந்து குட்டையானால் ஸ்டம்ப்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்றொரு இரட்டை வளைவு இருந்தது. 1990 ஜனவரியில் கரையோர வளைவு இடிந்து விழ, மறுபுறம் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். இப்போது அதன் பெயர் 'லண்டன் ஆர்ச்'. இதைப் படித்த பிறகு எனக்கு அந்த வரிசை மறக்கவே இல்லை.

சொல்லின் பழைய பொருளும் கைகொடுக்கும். ஸ்டாக் என்றால் வைக்கோற்போர். ஸ்டம்ப், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. ஸ்பிட் என்றதும் எச்சில் நினைவுக்கு வருவது இயல்புதான், ஆனால் இங்கே அது இறைச்சி குத்திச் சுடும் கம்பி. கரையிலிருந்து கம்பிபோல் நீளும் மணல்திட்டு என்று பிடித்துக்கொள்ளுங்கள். அது அரிப்பால் வருவதல்ல, படிவால் வருவது. ஆகவே மேற்சொன்ன வரிசையில் சேர்க்காதீர்கள். அந்த மணல் ஒரு தீவைக் கரையோடு இணைத்துவிட்டால் டொம்போலோ. ஸ்காட்லாந்தின் செயின்ட் நினியன்ஸ் தீவின் படத்தை ஒருமுறை பாருங்கள்.